விண்ணப்பமும் மானியமும்: சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் சமுதாய வளர்ச்சி நிதியின் வரலாறு

முன்னுரை

அரசிடமிருந்தோ அரசை ஒத்த அமைப்பிடமிருந்தோ ஓர் ஊர் தன் வளர்ச்சிக்கெனப் பொருள் பெறவேண்டுமாயின், அதனை யாரேனும் கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்கும் செயலை விண்ணப்பம் என்றும், கேட்டுப் பெறும் பொருளை மானியம் என்றும் இக்காலத் தமிழ் வழங்குகிறது. இவ்விரு சொற்களும் கல்வெட்டுத் தமிழிலிருந்து அலுவலகத் தமிழுக்கு வந்தவை. வடிவம் மாறாமல் வந்த இச்சொற்களின் பின்னால் கேட்பவரும் பெறுபவரும் காலந்தோறும் மாறியுள்ளனர். இம்மாற்றத்தைச் சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியின் வரலாற்றில் வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பண்டைத் தொண்டைமண்டலத்தின் வடவெல்லையாகிய இந்நிலம், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லை நிலமாகும். 1911 ஏப்ரல் 1இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்திற்கும், செங்கற்பட்டு மாவட்டப் பொன்னேரி வட்டத்தைச் சார்ந்திருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்திற்கும் மாறின. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியெல்லை இவ்வாறு பலமுறை மாறிய நிலத்தில், ஏழை ஒருவர் எந்த அலுவலரிடம், எந்த மொழியில், யார் வழியாகக் கேட்பது என்னும் வினா ஒவ்வொரு முறையும் புதிதாக எழுந்துள்ளது.

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் விண்ணப்பம்

விண்ணப்பம் என்னும் சொல், ‘விஞ்ஞாபன’ என்னும் வடசொல்லின் பிராகிருத வடிவத்தின் வழியே தமிழுக்கு வந்ததாகக் கொள்வர். பல்லவர் செப்பேடுகளின் தமிழ்ப் பகுதிகளில் இது நிருவாகக் கலைச்சொல்லாகவே ஆளப்பட்டுள்ளது. கொடை வேண்டிக் கேட்பவர் விண்ணப்பம் செய்பவர். அதனை நிறைவேற்றும் பொறுப்பேற்பவர் ஆணத்தி. மன்னனின் ஆணை திருமுகமாக நாட்டாருக்குச் செல்லும். நாட்டார் அதனைத் தொழுது தலைமேற் கொண்டு, எல்லையை நடந்து காட்டி, கல்லும் கள்ளியும் நட்டு, அறையோலை எழுதித் தருவர். கேட்டல், ஆணை, நில அளவை, ஆவணம் என்னும் நான்கு படிகளும் தெளிவுற அமைந்த முறை இது. இன்றைய மானிய நடைமுறையின் படிகளோடு இதனை ஒப்பிடின், வரிசையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது பெறப்படும்.

வேறுபாடு ஆட்களில் உள்ளது. செப்பேடுகளில் விண்ணப்பம் செய்வோர் அமைச்சர், குறுநில மன்னர், படைத்தலைவர் போன்றோரே. கொடை பெறுவோர் அந்தணரோ கோயிலோ ஆவர். கொடை நிலத்தில் ஏற்கெனவே உழுது வந்தவர்கள் ‘குடிநீக்கி’ என்னும் ஒரு தொடரில் மட்டும் தோன்றி மறைகின்றனர். இத்தொடர் உழுகுடிகளை வெளியேற்றியதைக் குறிக்கிறதா, அவர்தம் உரிமையை மட்டும் மாற்றியதைக் குறிக்கிறதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்பொருள் கொள்ளினும், அவர்கள் விண்ணப்பதாரராக இல்லை என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது.

மானியம் என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. இது முதலில் வரி நீக்கப்பட்ட நிலத்தைக் குறித்தது. கோயிற்பணியாளருக்கும் ஊர்ப்பணியாளருக்கும் விடப்பட்ட நிலங்கள் மானியம் எனப்பட்டன. தெலுங்கில் ‘மான்யமு’ என்னும் வடிவம் இன்றும் பெரிதும் நிலத்தையே சுட்ட, தமிழில் அது அரசு தரும் உதவித்தொகையைச் சுட்டும் சொல்லாக விரிந்துள்ளது. கேட்டுப் பெறும் பொருள் நிலத்திலிருந்து பணமாக மாறிய வரலாறு இச்சொல்லின் பொருள் மாற்றத்தில் பதிந்துள்ளது எனலாம்.

கோயில் பண்டாரமும் நீர்ப்பாசனமும்

குடிமல்லம், யோகிமல்லாவரம், திருச்சானூர், காளத்தி முதலிய ஊர்க்கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. திருமலை – திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளோ ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வி. விஜயராகவாசாரியார் ஆகியோரின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது.

விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் ஒரு பொருளாதார முறை திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளது. கொடையாளர் ஒருவர் ஸ்ரீபண்டாரத்தில் பணம் செலுத்துவார். கோயில் தானத்தார் அப்பணத்தைக் கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரி, கால்வாய் முதலியவற்றை வெட்டவும் சீர்செய்யவும் செலவிடுவர். அதனால் பெருகும் விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரால் நாள்தோறும் திருவமுது படைக்கப்படும். படைத்த அமுதில் நான்கில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ எனக் கொடையாளருக்கு உரியது. அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் வெளியிட்ட ஆய்வில், இக்கோயிலை ஊரக வளர்ச்சிக்கு முதலீடு செய்யும் நிறுவனமாக விளக்கினார்.

இம்முறையின் சிறப்பு, முதலை அழிக்காமல் பயனைப் பெருக்குவதாகும். கொடைப்பணம் செலவாகி மறையாமல் ஏரியாக நிலைத்தது. ஆயினும் பயனைக் கணக்கிட்ட முறை நோக்கத்தக்கது. எத்தனை நாழி அரிசி, எவ்வளவு நெய், யார் யாருக்கு எத்தனைப் பங்கு என்பன கல்லில் நுணுக்கமாக வெட்டப்பட்டுள்ளன. ஏரி வெட்டிய கூலியாள் பெற்றது என்ன, கடைமடை உழவனுக்கு நீர் வந்ததா என்பன அவ்வளவு நுணுக்கமாகப் பதிவுபெறவில்லை. கணக்கு எதனை எண்ணுகிறதோ அதுவே திட்டத்தின் உண்மையான நோக்கம் என்னும் அளவுகோலைக் கொண்டால், இங்கு நோக்கம் வழிபாடு; ஊர் வளர்ச்சி அதன் வழி.

இதே திருமலையில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாளப்பாக்கம் அன்னமாசாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. விண்ணப்பம் என்பதன் தெலுங்கு வடிவமாகிய ‘வின்னபமு’ அவர் பாடல்களில் இறைவனிடம் முறையிடும் சொல்லாக ஆளப்படுகிறது. அரசவையில் வழங்கிய சொல் பக்தியிலும் வழங்கியது. இரண்டிலும் கேட்பவர் கீழே நிற்க, தருபவர் மேலே இருந்தார்.

தரகாஸ்தும் பஞ்சமி நிலமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் கேட்டல் என்னும் செயலுக்குப் புதிய சொற்கள் வந்தன. அவற்றுள் முதன்மையானது பாரசீகத்திலிருந்து வந்த ‘தரகாஸ்து’. இரயத்துவாரி முறை நிலவிய மாவட்டங்களில் தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு அளிக்கும் மனு இப்பெயர் பெற்றது. கோட்பாட்டளவில் எவரும் தரகாஸ்து கொடுக்கலாம். விண்ணப்பிக்கும் உரிமை குடிமகன் ஒவ்வொருவருக்கும் உரியதாகத் தோன்றிய முதற்கட்டம் இதுவே.

நடைமுறை வேறாக இருந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் மிராசு ஊர்களில், பிறர் கேட்கும் தரிசு நிலத்தின்மீது மிராசுதாரருக்கு முன்னுரிமை இருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் தரகாஸ்து கொடுத்தால், அது மிராசுதாரருக்கு அறிவிக்கப்படும். அவர் விரும்பினால் அந்நிலத்தைத் தாமே பெற்றுக்கொள்ளலாம். இந்நிலையில் ஏழையின் விண்ணப்பம், அவருக்கு நிலம் தருவதற்கு மாறாக, நிலம் இருக்குமிடத்தை வலியவருக்குக் காட்டிக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் தம் குறிப்பில் இத்தகைய தடைகளை எடுத்துக்காட்டியதன் தொடர்ச்சியாக, 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைகள் பிறந்தன. பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னரும் அவ்வகுப்பினருக்கே மாற்றலாம் என்னும் கட்டுப்பாடுகளுடன் வழங்கப்பட்ட இந்நிலங்களே பஞ்சமி நிலம் எனப்படுகின்றன. பின்னாளில் ஆந்திரத்தோடு இணைந்த சத்தியவேடு பகுதி அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

சித்தூர் மாவட்டத்தின் ஏனைய பகுதிகளில் நிலை இன்னும் கடினமானது. காளத்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி ஆகியன ஜமீன்கள். அங்கு அரசுத் தரிசு என்பதே அரிது. கேட்கவேண்டிய இடம் ஜமீன் கச்சேரி. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே இவ்வூர்களின் ஏழைகள் அரசை நேரடியாக அணுகும் நிலை உருவாயிற்று. 1920இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பொறுப்பு ஏற்பட்டு, வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோருக்கு அளிக்கும் பணி தொடங்கியது. அரசு நிதி குறிப்பிட்ட ஏழைப் பிரிவினரைப் பெயர் சுட்டி நோக்கிய தொடக்கநிலை முயற்சி என்று இதனைக் கூறலாம்.

பிர்க்காத் திட்டமும் வட்டார வளர்ச்சியும்

1946இல் த. பிரகாசம் தலைமையிலான சென்னை மாகாண அரசு பிர்க்கா அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 34 பிர்க்காக்களில் குடிநீர், கதர், சிறுதொழில், துப்புரவு, கூட்டுறவு ஆகிய பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 1952 அக்டோபர் 2இல் இந்திய அரசு 55 திட்டப்பகுதிகளில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, இத்தகைய முன்முயற்சிகளின் பட்டறிவு அதற்குத் துணைநின்றது. ஏறத்தாழ 300 ஊர்களும் 2 இலட்சம் மக்களும் கொண்ட ஒரு திட்டப்பகுதி, சுமார் 100 ஊர்கள் கொண்ட மூன்று வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டது. கிராம சேவகர் ஐந்து முதல் பத்து ஊர்களுக்கு ஒருவராக அமர்த்தப்பட்டார். 1953இல் தேசிய விரிவாக்கப் பணி தொடங்கி, வட்டார வளர்ச்சி அலுவலகம் என்னும் அமைப்பு நாடெங்கும் பரவியது.

இத்திட்டத்தின் அடிப்படை விதி மக்கள் பங்களிப்பு. சாலையோ பள்ளிக் கட்டடமோ கிணறோ வேண்டும் ஊர், செலவில் ஒரு பகுதியைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். பிறர் தருவதை வாங்கிக்கொள்வதோடு நில்லாமல் தாமும் ஈவதால் திட்டம் மக்களுடையதாகும் என்பது இதன் கருத்து. கருத்து உயர்ந்ததே. ஆயின் இவ்விதி இருவேறு மக்களை இருவேறு வகையில் தொட்டது. நிலமுடையவர் தம் பங்கைப் பணமாகத் தந்து, பணி தம் நிலத்தருகே அமையுமாறு கேட்க முடிந்தது. நிலமற்றவர் தம் பங்கைச் சிரமதானமாகத் தந்தார். அதாவது ஒரு நாட்கூலியை இழந்தார். பங்கைத் திரட்ட இயலாத சேரி விண்ணப்பிக்கவே இயலாது போயிற்று. திட்டக்குழுவின் மதிப்பீட்டு அமைப்பு வெளியிட்ட அறிக்கைகள், பயன் வசதியுள்ள ஊர்களுக்கும் உழவர்களுக்கும் மிகுதியாகச் சென்றதைச் சுட்டின. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு, திட்டம் மக்களின் தன்முயற்சியைத் தூண்டத் தவறியது எனக் கூறி, மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. இராசஸ்தானை அடுத்து ஆந்திரப் பிரதேசம் 1959இல் அம்முறையை ஏற்றது. இதனால் சித்தூர் மாவட்டத்தில் கோரிக்கை செல்லும் வழி, அலுவலரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துச் சமிதியின் பக்கம் திரும்பியது.

இங்கு அயல்நாட்டு ஒப்பீடு ஒன்று பயன்படும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியத்தில், நிதியின் பெரும்பகுதி குறைந்த, நடுத்தர வருவாயினருக்குப் பயன்படவேண்டும் என்னும் விதி பின்னர்ச் சேர்க்கப்பட்டு, இப்போது 70 விழுக்காடாக உள்ளது. அந்நாட்டு நகராட்சி தன் செலவு யாருக்குப் பயன்படுகிறது எனக் காட்டவேண்டும். 1952ஆம் ஆண்டின் இந்தியத் திட்டத்தில் அத்தகைய அளவு இல்லை. ஊர் என்பது ஒரே நலன் கொண்ட முழுமை என்னும் நம்பிக்கையே அதன் அடித்தளம். ஊரும் சேரியுமாகப் பிரிந்த நிலத்தில் அந்நம்பிக்கை மெய்ப்படவில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 2013இல் இயற்றப்பட்ட பட்டியல் சாதியினர், பழங்குடியினர் துணைத்திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்குவதைக் கட்டாயமாக்கி, இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய முயன்றது.

குழு விண்ணப்பதாரராதல்: வெலுகுத் திட்டம்

1982இல் தொடங்கிய ஊரகப் பகுதி மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம், பத்துப் பதினைந்து பெண்கள் கொண்ட குழுவுக்குச் சுழல்நிதியாக 15,000 ரூபாய் வழங்கியது. தனியாளுக்கு மாறாகக் குழு கேட்டது என்பது இதன் புதுமை. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் எழுந்த சாராய எதிர்ப்பு இயக்கமும் அதன்பின் பரவிய நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சேமிப்பும் இக்குழுக்களுக்கு வலுவூட்டின.

2000ஆம் ஆண்டில் உலக வங்கிக் கடனுதவியுடன் ஆந்திரப் பிரதேச அரசு ஆறு மாவட்டங்களில் வறுமை ஒழிப்புத் திட்டமொன்றைத் தொடங்கியது. ஒளி எனப் பொருள்படும் ‘வெலுகு’ என்பது அதன் பெயர். அவ்வாறில் சித்தூரும் ஒன்று. பின்னர் இது பிற மாவட்டங்களுக்கும் விரிந்து, இந்திரா கிராந்தி பதம் எனப் பெயர் மாறியது.

இத்திட்டத்தில் விண்ணப்பம் உருவான முறை விரிவாக நோக்கத்தக்கது. முதலில் ஊர் மக்களே கூடி, தம்முள் யார் மிக ஏழை, யார் ஏழை எனப் பட்டியலிட்டனர். அடுத்து மகளிர் குழு, உறுப்பினர் ஒவ்வொருவரின் தேவையையும் பேசிச் சிறுதிட்டம் ஒன்றை வகுத்தது. ஒருவருக்குக் கறவை மாடு, ஒருவருக்கு அடகு வைத்த நிலத்தை மீட்டல், ஒருவருக்குச் சிறுகடை என்றவாறு தேவைகள் வேறுபடும். குழுவின் சேமிப்பும் கூட்ட வருகையும் தீர்மானப் புத்தகமும் ஆராயப்படும். ஊர்க்குழுக்களின் கூட்டமைப்பு கோரிக்கைகளை முன்பின்னாக வரிசைப்படுத்தும். மண்டல அளவிலான சமாக்கியா அவற்றைப் பரிசீலிக்கும். இவ்வாறு வழங்கப்பட்ட சமுதாய முதலீட்டு நிதி, கூட்டமைப்புக்கு மானியமாகவும் உறுப்பினருக்குக் கடனாகவும் அமைந்தது. உறுப்பினர் திருப்பிச் செலுத்தும் தொகை ஊரிலேயே தங்கி, அடுத்தவருக்குச் சென்றது.

முதல் அழியாமல் சுழலும் இவ்வமைப்பு, திருமலைப் பண்டாரத்தின் பாசன முதலீட்டை நினைவூட்டுகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் ஒப்பீடு வேறுபாட்டை விளக்கும். அங்குக் கணக்கில் எண்ணப்பட்டது திருவமுது. இங்கு எண்ணப்பட்டது கடன் பெற்ற பெண்ணின் பெயர். வின்னபம் செய்பவரும் பயன்பெறுபவரும் ஒருவரே ஆன நிலை இவ்வட்டாரத்தில் பரவலாக உருவானது இக்காலத்திலேதான்.

குறைகளும் இருந்தன. தவணை தவறாமை நற்குழுவின் இலக்கணமானபோது, தவறக்கூடிய மிக ஏழையைச் சேர்க்கத் தயங்கும் மனநிலைக்கு இடமுண்டாயிற்று. பருவத்தில் புலம்பெயர்ந்து கூலிக்குச் செல்பவர் வாராந்தரக் கூட்டத்திற்கு வருதல் அரிது. பொறுப்பான உறுப்பினர் என்னும் தகுதி, ஊரில் நிலைத்திருக்க வசதியுள்ளவரையே சார்ந்தது. முன்னைய திட்டத்தில் பங்குத்தொகை செய்த வடிகட்டலை இங்குக் கூட்ட வருகை செய்தது எனலாம்.

நகர்ப்புற நிலை

திருப்பதி 1886இல் நகராட்சியாகி, 2007இல் மாநகராட்சியானது. கோயிலைச் சார்ந்து வளர்ந்த இந்நகரில் பூக்கட்டுவோர், சுமைதூக்குவோர், விடுதிப் பணியாளர், தெருவணிகர் எனக் கூலியை நம்பி வாழ்வோர் மிகுதி. 1997 டிசம்பரில் தொடங்கிய பொன்விழா நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம், பத்துக்குக் குறையாத ஏழைப் பெண்கள் கூடித் தொழில் தொடங்கினால், திட்டச் செலவில் பாதி அல்லது 1,25,000 ரூபாய், இவற்றுள் குறைந்ததை மானியமாக அளித்தது. எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன் வேண்டும். ஆகவே ஒரே விண்ணப்பம் நகராட்சி, வங்கி என்னும் இரு வாயில்களைக் கடக்கவேண்டியிருந்தது. வாடகைக் குடியிருப்பில் வாழும் ஏழைக்கு முகவரிச் சான்றே முதல் தடை. ஊரகத்தில் யார் ஏழை என்பதை ஊர் அறியும். நகரில் அதனைத் தாள் சொல்லவேண்டும். 2007இல் நகர்ப்புற வறுமை ஒழிப்புக்கெனத் தனி அமைப்பு ஏற்பட்டபோது, ஊரகத்தின் குழுமுறை நகருக்கும் விரிந்தது.

விண்ணப்பத்தின் மொழி

குப்பம், நகரி, புத்தூர், சத்தியவேடு முதலிய பகுதிகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் வாழ்கின்றனர். 1966ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அலுவலகங்களில் தெலுங்கு படிப்படியாக நிலைபெற்றது. பெரும்பான்மை மக்களுக்கு அது விடுதலை. ஆங்கிலப் படிவத்திலிருந்து தாய்மொழிப் படிவத்திற்கு வந்த விடுதலை. தெலுங்கு பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத தமிழ் ஏழைக்கோ அது ஒரு படிவத்திலிருந்து மற்றொரு படிவத்திற்கு மாறியதாகும்.

அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு, குறைதீர்க்க வேண்டி அளிக்கும் முறையீட்டை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு வாழும் பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்தம் மொழியிலும் வெளியிடவேண்டும் என்னும் நெறி, 1956ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குறிப்பாணையில் இடம்பெற்றது. ஆனால் மானிய விண்ணப்பம் குறை முறையீடு அன்று. அது தீர்மானப் புத்தகம், வரவு செலவு, திட்ட மதிப்பீடு ஆகியவற்றின் தொகுப்பு. ஒரு கடிதத்தைத் தமிழில் ஏற்பதற்கும் ஒரு குழுவின் கணக்கு முழுவதையும் தமிழில் ஏற்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அத்தொலைவை நிரப்புபவர் எழுதத் தெரிந்த ஒருவர். செப்பேட்டுக் காலத்தில் ஏழைக்காகப் பேச எவருமில்லை. இக்காலத்தில் ஏழை பேசியதை எழுதுபவர் இடையில் நிற்கிறார்.

குப்பத்தின் அண்டையிலுள்ள கிருஷ்ணகிரிப் பகுதி முன்னர்த் தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்தில் 1989இலேயே மகளிர் சுய உதவிக் குழுக்கள் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன் தொடங்கப்பட்டன. எல்லையின் இருபுறமும் ஒத்த வறுமையும் ஒத்த குழுமுறையும் இருக்க, ஒருபுறம் தீர்மானம் தமிழிலும் மறுபுறம் தெலுங்கிலும் எழுதப்பட்டது. ‘தீர்மானம்’ என்னும் சொல் இருமொழிக்கும் பொது. ஆனால் தமிழ்நாட்டில் பழைய நிலப்பதிவுகளோடு நின்றுவிட்ட ‘தரகாஸ்து’, ஆந்திர அலுவலகங்களில் இன்றும் விண்ணப்பத்தின் பொதுப்பெயராக வாழ்கிறது.

2019 அக்டோபரில் ஊர்ச் செயலகங்கள் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து விண்ணப்பம் பெறும் முறை ஏற்பட்டது. 2024இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்திற்குப் பின் தன்னார்வலர் முறை தொடரவில்லை, செயலகங்கள் உள்ளன. வாயிலில் வந்து கேட்பவர் இருக்கும்வரை மொழித்தடை தளர்கிறது. திரையில் நிரப்பும் படிவமாகும்போது அது மீண்டும் இறுகுகிறது.

முடிவுரை

சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் விண்ணப்பத்தின் நடைமுறை ஏறத்தாழ ஆயிரத்திருநூறு ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை, விண்ணப்பதாரரே மாறியுள்ளார். செப்பேட்டில் மேலோர் கேட்டனர். கோயிற் கல்வெட்டில் கொடையாளர் பெயர் நின்றது. தரகாஸ்து ஏழைக்குக் கேட்கும் உரிமையைத் தந்து, பெறும் வாய்ப்பைத் தர மறுத்தது. வட்டார வளர்ச்சித் திட்டம் ஊரைக் கேட்கச் சொன்னது. ஊரின் பெயரால் வசதியுள்ளோர் கேட்டனர். மகளிர் குழுக்களின் காலத்தில் ஏழை தம் பெயராலேயே கேட்கலானார்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வடிகட்டி அமைந்திருந்ததும் இவ்வரலாற்றால் அறியப்படுகிறது. மிராசு முன்னுரிமை, பங்குத்தொகை, கூட்ட வருகை, முகவரிச் சான்று, படிவத்தின் மொழி என அது பெயர் மாறி வந்துள்ளது. ஒரு வளர்ச்சித் திட்டம் ஏழைக்குரியதா என்பதை அதன் ஒதுக்கீட்டுத் தொகையைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. அதன் விண்ணப்பத்தை யார் நிரப்ப இயலவில்லை என்பதைக் கொண்டும் அறியவேண்டும். மகளிர் குழுக்களின் தீர்மானப் புத்தகங்கள் எளிய பெண்கள் தம் தேவையைத் தாமே சொல்லி எழுதுவித்த ஆவணங்கள். திருப்பதிக் கல்வெட்டுகளைத் தொகுத்துக் காத்தது போல, எல்லையின் இருபுறத்து இரு மொழிப் புத்தகங்களையும் தொகுத்துக் காப்பது தமிழாய்வின் கடனாகும்.